காளான் தட்டும் இரண்டு வருடப் பழியும்

திருமணமான புதிதில், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தள்ளுவண்டிக் காளான் சாப்பிடுவது எனக்கு வழக்கமாக இருந்தது (பெயர்தான் காளான், தட்டில் பெரும்பகுதி முட்டைக்கோசும் மைதாவும்தான்). இரண்டு வருடமாகியும் கரு உண்டாகாதபோது, "அந்த அஜினமோட்டோதான் கண்ணு கர்ப்பப்பையக் கெடுக்குது" என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். நானும் நம்பினேன். காளானை விட்டதோடு, கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, அஜினமோட்டோவைக் குறிக்கும் 621 என்ற எண் இருக்கிறதா என்று தேடித் தவிர்த்தேன், பலன் இல்லை.

ஈரோட்டில் நாங்கள் பார்த்த மகப்பேறு மருத்துவர் இந்தப் பயத்தின் வேரைப் பொறுமையாக விளக்கினார். 1969-இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்து சில நாட்களேயான சுண்டெலிகளுக்கு அஜினமோட்டோவை (மோனோசோடியம் குளூட்டமேட் என்ற உப்பு) ஊசி மூலம் செலுத்தியபோது, மூளையில் பசியையும் ஹார்மோன்களையும் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதி சிதைந்து, அவை வளர்ந்தபின் உடல் பருத்தன, பெண் எலிகள் மலடாயின. ஆனால் செலுத்திய அளவு எடையில் கிலோவுக்கு 4 கிராம் வரை. அறுபது கிலோ எடையுள்ள எனக்குக் கணக்கிட்டால் 240 கிராம், அதுவும் ஊசியில். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வகுத்த அன்றாட வரம்போ கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதாவது எனக்கு 1.8 கிராம். வாயால் உண்ணும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடுகிறது என்றும், தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட அது இயல்பாகவே இருக்கிறது என்றும், உணவில் சேரும் அளவால் பெண்களுக்குக் கரு உண்டாகாமல் போவதாக நிறுவப்படவில்லை என்றும் சொன்னார்.

பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: "உங்க வீட்டுக்காரருக்குப் பரிசோதனை பண்ணீங்களா?" பண்ணவில்லை. என் தட்டை எண்ணிய வீட்டில் அவருடைய விந்தணுவை எண்ண யாருக்கும் தோன்றவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தது, வெரிகோசீல் (விதைப்பையில் இரத்தநாளங்கள் வீங்குவது) என்றார்கள். சிறிய அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டாம் மாதம் எனக்கு நாள் தள்ளியது.

ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறியதும், ஊறுகாய், அப்பளத்தோடு, நான் மீண்டும் சாப்பிடத் தொடங்கியிருந்த காளானையும் நிறுத்தும்படி அதே மருத்துவர் சொன்னார். காரணம் அந்தத் தட்டிலுள்ள மொத்த உப்பு; சாதா உப்பில் சோடியம் சுமார் 39 சதவீதம் என்றால் அஜினமோட்டோவில் 12 சதவீதம்தான். இதை அத்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "காளான் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னனில்ல கண்ணு" என்றார்.