வொண்டர் உமன் 1984: அந்தக் கல்லின் கணக்கு யாருக்காவது புரிந்ததா?

ஈரோட்டு அத்தை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரிப் படங்களைக் கிண்டல் செய்ய வந்தவள் இல்லை. 2017-இல் வந்த முதல் பாகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியிலிருந்து டயானா, அதாவது வொண்டர் உமன், ஏணியில் ஏறி வெளியே வந்து, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு குண்டு மழைக்கு எதிரே நடப்பாளே, அந்தக் காட்சியை டிவியில் எப்போது போட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். அதனால்தான் இரண்டாம் பாகத்தின் மேல் இவ்வளவு கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பையனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ஒன்பதாவது படிக்கிறான். பாதிப் படத்தில் ஒரு கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். 1984, வாஷிங்டன். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு ஒரு பழைய கல் வருகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எதைக் கேட்டாலும் நடக்கும். பதிலுக்கு நம்மிடம் இருப்பதில் ரொம்ப வேண்டிய ஒன்றைக் கல் எடுத்துக்கொள்ளும். 1918-இல் செத்துப்போன காதலன் ஸ்டீவ் வேண்டும் என்று டயானா நினைக்கிறாள். ஸ்டீவ் வருகிறான், அவளுடைய பலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கூட வேலை பார்க்கிற பார்பரா, டயானா மாதிரி ஆக வேண்டும் என்கிறாள். பலம் வருகிறது, நல்ல மனசு போகிறது. நான் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள். இதுவரைக்கும் வரவும் செலவும் அழகாக நேர் நிற்கிறது.

மாக்ஸ் லார்ட் என்கிற எண்ணெய் வியாபாரி வந்து "நானே அந்தக் கல்லாக வேண்டும்" என்கிறான் பாருங்கள், அங்கேதான் பேரேடு கிழிகிறது.

கல் கல்லாக இருந்தவரை விலை என்னவென்று கேட்டவருக்குத் தெரியாது. இவன் கல்லான பிறகு விலையை இவனே வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொள்கிறான். எகிப்தில் ஒரு எமிரின் ஆசையை நிறைவேற்றிவிட்டு அவருடைய காவல் படையையே எடுத்துக்கொள்கிறான். ஆளுக்கு ஒரு ஆசைதான் என்றார்கள், பார்பராவுக்கு மட்டும் இரண்டாவதும் கிடைக்கிறது. அவனைத் தொட்டால்தான் பலிக்கும் என்று முக்கால் படம் காட்டிவிட்டு, கடைசியில் செயற்கைக்கோள் வழியாக உலகத்து டிவிப் பெட்டிகளில் எல்லாம் அவன் முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த ஒளிபரப்பு எல்லாரையும் தொடுகிறதாம், ஆகவே அதுவும் தொடுவதுதானாம். இப்படி ஒரு சமாதானத்தை என் முதலாளிகூடச் சொன்னதில்லை.

முடிவுதான் எனக்கு மண்டை காய்கிற இடம். டயானா கேட்டுக்கொண்டதும் உலகம் பூராவும் ஜனங்கள் தங்கள் ஆசையை விட்டுக்கொடுக்கிறார்கள். மகனுக்காக மாக்ஸும் தன் ஆசையை விட்டுக்கொடுக்கிறான். அவன் கல்லானதே ரத்து என்றால் அவன் கொடுத்ததெல்லாம் தானாக ரத்தாகாதா? ஆகும் என்றால் கோடிக்கணக்கான பேர் திருந்தியது எதற்கு? ஆகாது என்றால், எங்கேயோ ஒரே ஒரு ஆள் "விடமாட்டேன் போ" என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? இத்தனைக்கும் அந்தப் படத்தில் அமெரிக்க அதிபரே கூடுதல் அணு ஏவுகணை வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்.

இப்போது பையனின் கேள்வி. ஸ்டீவ் தன் சொந்த உடம்பில் வருவதில்லை. யாரோ ஒரு ஆளின் உடம்புக்குள் வருகிறான். அந்த ஆளின் வீட்டில் தங்குகிறான், அவன் அலமாரித் துணியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். டயானா கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் ஸ்டீவ் முகம், ஊருக்கு அந்த ஆளின் முகம். "அம்மா, அந்த வீட்டுக்காரர் இப்போ எங்கே இருக்கார்?" என்றான். படத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. டயானாவும் கேட்கவில்லை.

இதெல்லாம் வெறும் ஓட்டையா, கதையே நோஞ்சானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்கிள் ஸ்க்ரீன்:

அத்தை, அவள் ஜீயஸுக்குப் பிறந்தவள், கயிற்றைக் கட்டினால் ஆள் உண்மையைச் சொல்வான். அதையெல்லாம் ஒத்துக்கொண்டீர்கள், கல் மட்டும் இடிக்கிறதா? 2020 டிசம்பர், கொரோனா நேரம், தியேட்டரில் பாதி சீட்டுதான், முகக்கவசத்தோடு பார்த்தேன். ஜூலை 4 வாணவேடிக்கைக்கு நடுவே விமானத்தில் போவார்களே, அந்த ஒரு காட்சிக்கே காசு செரித்தது. சூப்பர்ஹீரோ படத்துக்குப் போகும்போது மூளையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும்.

பழைய ரெக்கை:

தம்பி அந்த விமானத்தை இழுத்துவிட்டதால் வருகிறேன். விமானப்படையில் தரைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்.

அருங்காட்சியகத்தில் நிற்கிற விமானத்துக்கு எரிபொருள் இருக்காது, வடித்துவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள். டயானாவும் ஸ்டீவும் கெய்ரோ போக அதில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கியதும் கிளம்புகிறது. அது பனாவியா டோர்னாடோ. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் சேர்ந்து கட்டியது, முதலில் பறந்தது 1974-இல். 1984-இல் அது அந்தப் படைகளில் புத்தம்புதுசு, அமெரிக்க அருங்காட்சியகத்தில் அதற்கு என்ன வேலை? நிஜ டோர்னாடோவில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காருவார்கள். படத்தில் காதலர்கள் கைகோத்துக்கொள்ள வேண்டுமே, அதனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கை. வாஷிங்டனிலிருந்து கெய்ரோ 9,000 கிலோமீட்டருக்கு மேல். அதன் வயிற்றையும் வெளித் தொட்டிகளையும் நிரப்பினாலும் பாதி தூரத்துக்கு முன்பே கடலில் இறங்க வேண்டியதுதான். ஓட்டுகிறவர் யார்? 1918-க்குப் பிறகு உயிரோடே இல்லாத ஆள். அவர் பார்த்த விமானம் மரச்சட்டமும் துணியும்.

ஆனால் அத்தை கேட்ட கேள்விக்கு இதெல்லாம் பதில் ஆகாது. இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன், சினிமாவில் விமானம் என்றைக்குச் சரியாகக் காட்டினார்கள்? என்னை உறுத்தியது வேறு. ரேடாரில் மாட்டிக்கொள்வோமே என்று ஸ்டீவ் முழிக்கும்போது, டயானாவுக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது: பொருளை மறைய வைக்கிற சக்தி தன்னிடம் இருக்கிறது. 50 வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஒரு காபிக் கோப்பையை மறைய வைத்தாளாம், அதுவும் எங்கேயோ தொலைந்துவிட்டதாம். அப்படிச் சொல்லிவிட்டு முழு ஜெட் விமானத்தையே மறைய வைக்கிறாள். அப்புறம் அந்தச் சக்தி எங்கே போனது? வெள்ளை மாளிகையில் அடி வாங்கும்போது ஏன் ஞாபகம் வரவில்லை? இன்னொன்று, அந்த நேரத்தில் அவள் பலம் குறைந்துகொண்டு வருகிறது. பலம் குறைகிற சமயத்தில் ஆயுசிலேயே பெரிய வேலை கைகூடுகிறது. பிற்பாதியில் பறக்கவும் கற்றுக்கொள்கிறாள். 2016-இல் வந்த பேட்மேன்–சூப்பர்மேன் படத்தின் கதை இதற்கு 30 வருஷம் பிந்தி நடக்கிறது, அதில் அவள் பறக்கிறாளா பாருங்கள்.

தமிழய்யா:

செருப்போடு மூளையை விடச் சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை. மந்திரம் இருக்கிற கதையில்தான் சட்டம் கறாராக இருக்க வேண்டும். வரம் கேட்கிற கதையை நாம் எத்தனை கேட்டிருக்கிறோம்!

இரணியனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனாலும் சாவு கூடாது, மிருகத்தாலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. ஆயுதம் ஆகாது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை அப்போதே ஒவ்வொரு பூட்டாக எண்ணிக்கொள்ளும். நரசிம்மம் வருகிறபோது ஆளும் இல்லை மிருகமும் இல்லை, நேரம் அந்தி, இடம் வாசற்படி, கருவி நகம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி. வரத்தை மீறாமலே வரத்தைத் தோற்கடித்ததுதான் அந்தக் கதையின் ருசி. நட்டநடுப் பகலில் திருமால் வந்து "நான் கடவுள், எனக்குச் சட்டம் கிடையாது" என்று அடித்திருந்தால், வால்மீகியில் இல்லாத அந்தக் கதையைக் கம்பர் ஒரு படலமாகப் பாடியிருப்பாரா?

இந்தப் படத்தில் பூட்டுகளை நன்றாகத்தான் மாட்டினார்கள். திறக்க வேண்டிய நேரத்தில் கதவையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பையனின் கேள்விக்கு வருகிறேன். எமிர் கேட்டதும் பாலைவனத்தில் பெரிய மதில் சுவர் தானாக எழும்புகிறது. அதிபர் கேட்டதும் ஏவுகணைகள் சூனியத்திலிருந்து முளைக்கின்றன. அவ்வளவு செய்கிற மந்திரத்துக்கு ஸ்டீவுக்கு ஒரு உடம்பு செய்து தர முடியவில்லை, கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், காரணம் ஒன்றுதான் தோன்றுகிறது. கடைசிக் காட்சியில் பனி கொட்டும்போது டயானா அந்த ஆளைச் சந்தித்து, அவன் உடுத்தியிருப்பது அழகாக இருக்கிறது என்று புன்னகைக்க வேண்டும். அந்தப் புன்னகைக்காக ஒரு மனிதனின் சில நாட்கள் களவு போயிருக்கின்றன. அவனுக்குப் படத்தில் பெயர்கூட இல்லை; நடிகர் பட்டியலில் 'அழகான ஆள்' என்றுதான் போட்டார்கள்.

இத்தனை குறை சொன்னாலும் ஒரு காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கலவரத் தெருவில் ஸ்டீவை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே அவள் தன் ஆசையைத் துறக்கிறாள். நடையில் காயம் ஆறுகிறது, முகத்தில் அழுகை கூடுகிறது. எது போகிறது, எது வருகிறது என்று நமக்குத் துல்லியமாகத் தெரிகிற ஒரே இடம் அது, அதனால்தான் தொண்டை அடைக்கிறது.

நைட் டியூட்டி:

அக்கா, நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியர். எல்லாரும் கல்லின் சட்டம் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கேட்கிற ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆசை கேட்கச் சொன்னால் பாதிப் பேர் என்ன கேட்பார்கள் என்று எங்கள் வார்டு வாசலில் ஒரு ராத்திரி நின்றால் தெரிந்துவிடும். பணமும் பேரும் பின்னால்தான். படத்தில் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரர்கள், அடுத்தவன் தொலையட்டும் என்கிறவர்கள். அப்படிக் காட்டினால் "விட்டுவிடுங்கள்" என்று டயானா கேட்பது சுலபம். பிள்ளைக்கு ரத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட ஒரு தாயிடம் அவள் அதைக் கேட்டிருக்க வேண்டும். உலகம் இருந்தபடியே அழகாகத்தான் இருந்தது என்கிற மாதிரி அவள் பேசும்போது எனக்குச் சுருக்கென்றது. யாருக்கு அழகாக இருந்தது?

அப்படி ஒரு தாயை ஒரு நிமிஷம் காட்டியிருந்தால், கல் எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

சிங்கிள் ஸ்க்ரீன்:

சரி, நீங்கள் சொன்னது கொஞ்சம் உறைக்கிறது. டயானாவின் அந்தத் தங்கக் கவசத்தை எவ்வளவு பில்டப் கொடுத்துக் காட்டினார்கள், பார்பரா சில நிமிஷத்தில் பிய்த்துப் போட்டுவிட்டாள். எனக்கே அது சப்பென்றுதான் போனது. ஆனால் ஓட்டை இல்லாத இரண்டாம் பாகம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

ஈரோட்டு அத்தை:

ஓட்டையே இல்லாதது எதற்கு தம்பி? ஸ்பைடர்மேன் 2 (2004) பார்த்திருப்பீர்கள். பீட்டருக்குச் சக்தி ஏன் போகிறது? டாக்டரிடம் போகிறான், அவர் எல்லாம் மனசுதான் என்கிற மாதிரிச் சொல்லி அனுப்புகிறார். சிலந்தி கடித்து ரத்தத்தில் வந்த சக்தி மனசு சரியில்லாவிட்டால் எப்படிப் போகும்? இன்றுவரை விளக்கம் கிடையாது. நிஜமாகவே பெரிய ஓட்டை, நான் அதைக் கேட்க நினைத்ததுகூட இல்லை.

ஏனென்றால் சக்தி போனதற்கான விலையைப் படம் உடனே வசூலித்துவிடுகிறது. வேஷத்தைக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் திரிகிறான் பீட்டர். ஒரு கட்டடம் எரிகிறது. வெறும் ஆளாக உள்ளே ஓடி, புகையில் இருமி, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். வெளியே வந்து மூச்சு வாங்கும்போது, மாடியில் இன்னொருவர் மாட்டிச் செத்துவிட்டார் என்று தீயணைப்புக்காரர்கள் பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. நைட் டியூட்டி, நீங்கள் கேட்ட ஆள் அந்தப் படத்தில் இருக்கிறார். முகம் காட்டவில்லை, பெயரும் சொல்லவில்லை, ஆனால் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

பழைய ரெக்கை ஐயா, அதில் ரயிலை நிறுத்துகிற காட்சி வரும். ரயில்வேக்காரர் யாராவது வந்து சண்டைக்கு நிற்கும்வரை அதைப் பற்றிப் பேச வேண்டாம்.