மறுமொழி: நோய்க் ‘கண்காணிப்பு’ – மாற்றுச்சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கிளினிக்கிற்குக் குழந்தைகளைக் கொண்டுவரும் தாய்மாருக்கான, நிமோகாக்கஸ் என்னும் நோய்க்கிருமி பற்றிய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தலைப்பில் ‘அறிதல்’, ‘தடுத்தல்’ இரண்டும் முடிவாகிவிட்டன. நோய் பரவுவதை விடாது பார்த்து எண்ணிவருவதைக் குறிக்கும் மூன்றாம் சொல்தான் இரண்டு வாரமாக நிற்கிறது.

‘கண்காணிப்பு’ அகராதி ஏற்ற சொல் என்று தைப்பிங் ஐயா எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் வரைவைப் படித்துக்காட்டியபோது, பேரனை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி, “எங்க பிள்ளைய எதுக்கும்மா கண்காணிக்கணும்? நாங்க என்ன தப்பு செஞ்சோம்?” என்று கேட்டார். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியதோடு தோட்ட மேற்பார்வையாளரான கங்காணி வழி நடந்த ஆள்சேர்ப்பு முடிந்துபோனாலும், தொழிலாளர் வரிசையில் நின்ற பெரட்டுக் களத்தில் ஆளை எண்ணி நின்ற அந்தக் கங்காணியின் பெயராகவே அச்சொல் அவர் காதில் விழுகிறது. கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிந்த வடிவம், வெறும் மரூஉ; திருமந்திரத்தில் கண்காணி என்பது இறைவனையே குறிக்கிறது என்பது ஐயாவின் வாதம். மெய்தான், எனினும் அந்தப் பாடலிலும் கள்ளம் செய்பவரைப் பற்றிய பேச்சில்தான் கண்காணி வருகிறான்.

பகாவ் தம்பி குறளிலிருந்து எடுத்துத் தந்த ‘நோய்நாடல்’ அழகிய சொல். ஆயினும் அது ஒரு நோயாளியின் நோயை இன்னதென்று தெளிவது; நமக்கு வேண்டியது வேறு. இக்கிருமியின் மேலுறை சர்க்கரைத் தொடர்களாலானது. அவ்வுறையின் வேறுபாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. 2020 சனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கென மலேசியா அவ்வாண்டு திசம்பரில் தொடங்கி, 4, 6, 15ஆம் மாதங்களில் போட்டுவந்த ஊசி அவற்றில் 10 வகைகளைக் குறிவைத்தது. சில வகைகள் ஒதுங்கினால் அவ்விடத்தை வேறு வகை பிடிக்கக்கூடும்: அமெரிக்காவில் 2000இல் 7 வகைத் தடுப்பூசி வந்தபின் அதில் இல்லாத 19ஏ வகை பெருகியது, அதையும் சேர்த்த 13 வகைத் தடுப்பூசி 2010இல் வந்தது. இதை அறிய வேண்டுமானால், நோயுற்றோரின் குருதியிலிருந்தும் மூளைத் தண்டுவட நீரிலிருந்தும் கிருமியை வளர்த்தெடுத்து, வகை பிரித்து, ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். இந்த ஓயாத எண்ணிக்கைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

நான் முன்வைத்த ‘நோய்ப்போக்கு அறிதல்’ வயிற்றுப்போக்கை நினைவூட்டும் என்ற ஈப்போ அக்காவின் கண்டனம் நியாயமானது, அதைக் கைவிடுகிறேன். ‘நோய் நிலவரம் அறிதல்’ என்பதே இப்போது என் முன்மொழிவு. வானிலை நிலவரமும் சந்தை நிலவரமும் வானொலியில் கேட்டுப் பழகியவர்களுக்கு அது விளக்கமின்றிப் புரியும்.

கிருமிக்கு ‘நுரையீரல் மணிக்கிருமி’ என்று பெயரிட வேண்டாம். காக்கஸ் என்பதன் கிரேக்க வேர் மணியைக் குறிப்பது சரிதான்; ஆனால் மூளையுறையையும் நடுச்செவியையும் தாக்கும் கிருமியை நுரையீரலோடு கட்டிவைத்தால், காதில் சீழ் வடியும் குழந்தையின் தாய் இது தனக்குரிய அறிக்கையல்ல என்று மடித்து வைத்துவிடுவார்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

*

தைப்பிங்கிலிருந்து:

அம்மா, ‘நிலவரம்’ என்பது நிலைமையைச் சொல்கிறதேயன்றி, விடாது பார்த்திருக்கும் செயலைச் சொல்லவில்லை. ஒரு தலைமுறையின் மனப்புண்ணுக்காக நல்ல தமிழ்ச் சொல்லை விட்டுக்கொடுத்தால், பேரன்மாருக்கு அச்சொல்லை மீட்டுத் தருபவர் யார்? அறுவரில் நால்வர் ‘கண்காணிப்பு’ என்றே எழுதிவிட்டனர்.

*

ஐயா, பெரும்பான்மைக்கு இணங்கித் தலைப்பில் ‘கண்காணிப்பு’ என்றே இடுகிறேன். அதன் கீழ், “கண்காணிக்கப்படுவது கிருமியே, உங்கள் குழந்தையோ குடும்பமோ அன்று” என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன், அதை நீக்கச் சம்மதிக்கமாட்டேன். சொற்பட்டியலில் ‘நோய் நிலவரம் அறிதல்’ என்பதையும் மாற்றுச்சொல்லாகப் பதிந்துவைக்க வேண்டுகிறேன். நாளை காலை அந்தப் பாட்டி வரும் நாள். புதிய படியை அவரிடம் முதலில் படித்துக்காட்டுகிறேன்.