மாத்திரைதானே என்று சொன்ன பையன்

பதினெட்டு வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். போதைப் பழக்கம் பற்றிய இந்தப் பேச்சில் கஞ்சாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் போதைக்காகப் போடுகிற வலி மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன்.

2018-ல் டிராமடால் என்கிற வலி மாத்திரையை என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் எங்கள் கடைக்கு வந்த பையன்கள் டேபென்டடால் கேட்க ஆரம்பித்தார்கள். சாதாரண மாத்திரைக்கு அடங்காத கடும் வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மருந்து அது.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சீட்டோடு வந்தான். பாட்டிக்கு இடுப்பு வலியாம். சீட்டு ஜெராக்ஸ், தேதியை மட்டும் பேனாவால் திருத்தியிருந்தது. தர மாட்டேன் என்றேன். "சரிண்ணா" என்று போய்விட்டான். பிறகு அடிக்கடி வந்து இன்சுலின் சிரிஞ்சு மட்டும் வாங்கினான். பாட்டிக்குச் சர்க்கரை போலிருக்கிறது என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். ஒருநாள் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டியபோது சட்டைக்கை மேலேறியது. முழங்கை மடிப்பில் வரிசையாகக் கரும்புள்ளிகள். அதற்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது.

உள்ளே உட்காரவைத்துக் கேட்டேன். "நான் கஞ்சா தொட்டதே இல்லண்ணா. இது மாத்திரைதானே, கம்பெனில செய்றது." பொய் சொல்லவில்லை, மனசார நம்பினான்.

மாத்திரை வயிற்றில் கரைவதற்காகச் செய்தது, தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்ற அல்ல. அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவும் டால்க்கும் ரத்தத்தில் கரையாது. நரம்பை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி. குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா" என்றான்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். சிகிச்சையில் சேர்த்தார்கள். முதல் சில நாள் உடம்பு முறித்துப்போட்ட மாதிரி வலி, வயிற்றுப்போக்கு, மூக்கு ஒழுகல், தூக்கமே இல்லை. அதைத் தாங்காமல்தான் பலர் திரும்பவும் போகிறார்கள். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், இலவசம்.

பதில்:

அண்ணா, நான் நர்ஸ். நள்ளிரவில் ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். உதடு நீலம், கண்பாவை கடுகளவு. "வலிப்பு சிஸ்டர்" என்றார்கள் நண்பர்கள். என்ன போட்டான் என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை, போலீஸ் பயம். இந்த வகை மருந்தின் வேகத்தை முறிக்க நலாக்ஸோன் என்கிற ஊசி உண்டு, நேரத்தோடு போட்டால் மூச்சு திரும்பும். கடைசியில் அந்த நண்பர்களில் சின்னவன் அழுதுகொண்டே பேன்ட் பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். அதனால்தான் அந்தப் பையன் பிழைத்தான்.