வரைபடம் முழுக்க இருட்டு, திரும்ப வழியில்லை: உதவுங்கள்

பாதைதேடி: அவசரம். விளையாட்டில் ஒரு சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டேன். வரைபடத்தைத் திறந்தால் நான் நிற்கும் இடத்தைச் சுற்றி எல்லாம் இருட்டு. பழைய இடங்களுக்கு நடக்காமல் நொடியில் தாவவும் விடமாட்டேன் என்கிறது. எட்டு முறை செத்துவிட்டேன். என்ன செய்வது?

முகில்: எந்த விளையாட்டு என்று சொல்லுங்கள்.

நெடுவழி: சேமிப்புக் கோப்பு பழுதாகியிருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் ஆனது. நகலெடுத்து வைத்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

கொன்றை: கோபுரம் ஏறினீர்களா? பிரெத் ஆஃப் த வைல்ட் விளையாட்டில் கோபுரத்தை இயக்கினால்தான் அந்தப் பகுதியின் வரைபடம் திறக்கும்.

பாதைதேடி: எல்டன் ரிங். கோபுரமெல்லாம் இல்லை.

முகில்: சுரங்கத்துக்குள் நடந்தா போனீர்கள்?

பாதைதேடி: இல்லை. ஏரிக்கரை இடிபாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தேன், புகை சூழ்ந்தது. அதுவா காரணம்?

மூத்தவாசகன்: அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். 2022இல் விளையாட்டு வந்த நாள்முதல் இதே கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மன்றத்தின் பழைய இழைகளை யாரும் தேடிப் படிப்பதில்லை. அது பொறிப்பெட்டி. தொடக்கப் பகுதியான லிம்கிரேவிலிருந்து உங்களைக் கிழக்கே கேலிட் என்ற பகுதியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரங்கத்துக்குள்ளிருந்து தாவ முடியாது. யாரோடும் மோதாமல், குனிந்தபடியே வெளிவாசல்வரை நழுவுங்கள். வெளியே வந்தால் தாவலாம். இருட்டு விலக அந்தப் பகுதியின் வரைபடத் துண்டை எடுக்க வேண்டும். இருட்டிலும் சிறு கல்தூண் குறி ஒன்று தெரியும், துண்டு அங்கேதான் கிடக்கும்.

நெடுவழி: புதியவரிடம் கொஞ்சம் கனிவாகச் சொல்லலாமே. இவ்வளவு பெரிய உலகத்தில் யாருக்கும் வழி தவறும்.

மூத்தவாசகன்: பெரியதா? 1996இல் வந்த டேக்கர்ஃபால் விளையாட்டின் பரப்பு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். அதுதான் உலகம்.

கொன்றை: அதில் பெரும்பகுதி கணினி தானாக உருவாக்கிய வெற்றுநிலம். ஊருக்கு ஊர் தாவித்தான் விளையாடினோம், நடந்தவர் யார்? அதே வரிசையில் பிறகு வந்த ஸ்கைரிம் அதன் முன்னால் ஒரு துளி. ஆனாலும் ஒரு குன்றைத் தாண்டினால் ஒரு குகை இருக்கும்.

முகில்: எல்டன் ரிங்கில் எனக்குப் பிடித்ததே, வரைபடத்தின் ஓரம் முதலில் தெரியாததுதான். போகப் போகத் தாளே விரியும். அந்தப் பெட்டி என்னையும் தூக்கிப்போட்டபோதுதான் கிழக்கே இவ்வளவு நிலம் கிடக்கிறது என்று தெரிந்தது. அன்றிரவு தூங்கவில்லை.

மூத்தவாசகன்: டேக்கர்ஃபாலின் நிலவறைகளில் நாள்கணக்கில் அலைந்தவர்களிடம் கேளுங்கள்.

பாதைதேடி: வெளியே வந்துவிட்டேன். வானமே சிவப்பாக இருக்கிறது. நன்றி.

முகில்: துண்டு கிடைத்ததா?