மறுமொழி: ‘தங்க இருப்பு’ என்று எழுதலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மேற்கு ஆபிரிக்காவில் தங்கம் தேடும் ஒரு சின்னக் கனேடிய நிறுவனத்தில் பங்கு வாங்கலாமா என்று ரொறன்ரோ உறவினர்கள் கேட்டதால் வந்த பேச்சு இது. மட்டக்களப்பில் காணியை ஈடு வைத்தாவது காசு அனுப்ப யோசிக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் அறிக்கையை அவர்கள் வாசிக்கத் தமிழாக்குகிறோம் என்பதால், அதில் வரும் ‘ரிசேர்வ்’ (reserve) என்ற ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்பதில் நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

கல்முனைக் காக்கா எழுதியது:
> ரிசோர்ஸ் என்றால் வளம், ரிசேர்வ் என்றால் இருப்பு. பத்திரிகையில் பழகின சொற்கள், போதும்தானே.

காக்கா, ‘வளம்’ சரி. ‘இருப்பு’தான் இடிக்கிறது. மத்திய வங்கியின் பெட்டகத்தில் உள்ள தங்கத்தை இருப்பு என்கிறோம், கடையில் அடுக்கியிருக்கும் சாமானையும் இருப்பு என்கிறோம். ரிசேர்வ் எனப்படுவது இன்னும் பாறைக்குள் கிடக்கிறது. துளையிட்டு, மாதிரி எடுத்து, இவ்வளவு இருக்கும் என்று கணிப்பது வளம். அதில் எந்தப் பகுதியைத் தோண்டி, பிரித்து, வரியும் கூலியும் கட்டிய பிறகும் இலாபம் வரும் என்று குறைந்தபட்சம் ஒரு முன்சாத்திய ஆய்வாவது (pre-feasibility study) காட்டுகிறதோ, அதுதான் ரிசேர்வ். தங்க விலை விழுந்தால் ஒரு கல் அசையாமலே அந்தத் தொகை சுருங்கிவிடும். விலை விழுந்ததற்காகப் பெட்டகத்து இருப்பு எடை குறையுமா?

ஆகவே என் முன்மொழிவு: அகழ்தகு வளம். மணல் அகழ்வு, இல்மனைட் அகழ்வு என்று வாகரையிலும் திருக்கோவிலிலும் சனம் அன்றாடம் பேசுகிற சொல் என்பதால் ‘அகழ்’ யாருக்கும் புதிதில்லை. ‘தகு’ என்பதில் நிபந்தனை இருக்கிறது. இன்றைக்கு அகழத் தகுந்தது நாளைக்குத் தகாமல் போகலாம்.

அக்கரைப்பற்று சேர் எழுதியது:
> நமது களவெட்டிச் சொல்லான ‘பொலி’யை எடுத்தால் என்ன?

சேர், அழகான சொல். ஆனால் பொலி, களவெட்டியில், அதாவது நெற்களத்தில், சூடு மிதித்துத் தூற்றிய பிறகு குவியும் நெல். இங்கே வெட்டே இன்னும் தொடங்கவில்லை.

பாறைக்குள் இருப்பதை வெளியே எடுக்க எவ்வளவு பாடு என்பதற்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். ஒரு தொன் பாறையில் 1 கிராம் தங்கம் என்பது திறந்தவெளிச் சுரங்கங்களில் சாதாரணம். ஒரு பவுண் 8 கிராம். பாறையில் உள்ளதில் 90 வீதம் மீட்டாலும், ஒரு பவுண் எடைக்கு ஏறக்குறைய 9 தொன் பாறையை உடைத்து அரைக்க வேண்டும். வருமானம் இல்லாத சின்ன நிறுவனம் அந்தச் செலவுக்குப் புதிய பங்குகளை வெளியிடும். நம் பங்கின் வீதம் அப்படியே நீர்த்துப்போகும்.

இந்தோனேசியாவின் பூசாங்கில் 7 கோடி அவுன்ஸுக்கு மேல் தங்கம் என்று அறிவித்த பிரி-எக்ஸ் என்ற கனேடிய நிறுவனத்தின் கதை 1997இல் வெளியானது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தார்கள். அந்த மோசடிக்குப் பிறகுதான் கனடா 2001இல் 43-101 என்ற விதியைக் கொண்டுவந்தது. வளத்தையும் ரிசேர்வையும் பிரித்துக் காட்டும்படி சட்டமே கட்டாயப்படுத்தும்போது, அந்த வேறுபாடு தெரியாதபடி நாம் தமிழில் எழுதினால் அந்தப் பாதுகாப்பு நம் சனத்துக்குக் கிடைக்காது.

அப்புறம், வளத்தின் மூன்று படிகள். நம்பகம் குறைந்ததிலிருந்து கூடியது வரை, உய்த்தறி வளம் (inferred), சுட்டறி வளம் (indicated), அளந்தறி வளம் (measured) என்று வைக்கலாம். பின்னைய இரண்டிலிருந்து மட்டுமே அகழ்தகு வளத்தைக் கணக்கிட முடியும். நாம் பார்க்கும் அறிக்கையில் பெரிய எழுத்தில் உள்ள அவுன்ஸ் எல்லாம் உய்த்தறி வளம், அகழ்தகு வளம் ஒரு அவுன்ஸ்கூட இல்லை. காசு போட வேண்டாம் என்பதே என் எண்ணம், தமிழாக்கத்தோடு அதையும் எழுதி அனுப்பப்போகிறேன்.

‘சுட்டறி’ சிலருக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். அதைவிட இலகுவான சொல் யாரிடமாவது இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.