காசநோய்: மாத்திரையை விட்டுட்டு சித்த மருந்துக்கு மாறலாமா?

தென்காசி_குமரன்:
அப்பாவுக்கு வயசு 58, எடை 47 கிலோ. சளியில் காசநோய் உறுதியாகிவிட்டது, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று சிபிநாட் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) ரிப்போர்ட். தினம் மூன்று மாத்திரை, மூன்று வாரம் ஆகிறது. இருமல் பாதியாகிவிட்டது, ஆனால் குமட்டல், சோறு இறங்கவில்லை, சிறுநீர் செம்மண் நிறத்தில் போகிறது. "சூடு ஏறிப்போச்சு, ஈரல் கெட்டுடும், ஆடாதோடைக்கு மாத்துங்க" என்று பெரியப்பா ஒரே பிடிவாதம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறார். மாற்றலாமா? இரண்டும் சேர்த்துத் தரலாமா?

மருந்துக்கடை_மதுரை:
நிறுத்தாதீங்க. அந்த நிறம் ரிஃபாம்பிசினோட சாயம், வியர்வைகூட ஆரஞ்சாகும். பயப்பட வேண்டியது வேற: கண் மஞ்சளாவது, வாந்தி நிற்காதது, வலது விலாவுக்குக் கீழே வலி. இதில் ஒன்று வந்தாலும் அன்றைய மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரிடம் போய் எல்எஃப்டி (ஈரல் ரத்தப் பரிசோதனை) எடுங்க. தொந்தரவோடு அதில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைம் இயல்பான உச்ச அளவைப் போல மூன்று மடங்கு தாண்டினால் (தொந்தரவே இல்லையென்றால் ஐந்து மடங்கு) அவரே நிறுத்தி, ஈரல் தேறினதும் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்குவார்.

ஒரு மாத்திரையில் ஐசோநயாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எதாம்பியூட்டால் 275 மி.கி. இருக்கு. 35 முதல் 49 கிலோ வரை மூன்று. 50 ஆனால் நான்கு, அதனால் மாதாமாதம் எடை பாருங்க. குமட்டினால் இரண்டு இட்லிக்குப் பிறகு கொடுங்க. மூன்றையும் ஒரே வேளையில்தான் போடணும், காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று பிரித்தால் ரத்தத்தில் மருந்து போதிய அளவுக்கு ஏறாது. அசிடிட்டி டானிக் சேர்த்துக் குடித்தால் ஐசோநயாசிட் சரியாகச் சேராது.

ரிஃபாம்பிசின் கிளிமிபிரைடின் வேலையைக் குறைக்கும், சர்க்கரை ஏறும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க, தேவைப்பட்டால் இன்சுலினுக்கு மாற்றுவார்கள். கால் மரத்துப் போகாமலிருக்க பைரிடாக்சின் (வைட்டமின் பி6) 10 மி.கி. எழுதியிருக்காங்களா பாருங்க.

சித்தா_பட்டதாரி:
ஆடாதோடை பொய்யில்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து வந்தது. ஆனா அதன் வேலை சளியை இளக்குவது. நுரையீரலில் இருக்கும் காசநோய்க் கிருமியை அது ஒழிக்காது. ஆடாதோடை மணப்பாகு முழுக்கச் சர்க்கரைப்பாகு, லேகியத்தில் வெல்லம்; உங்க அப்பாவுக்கு ரெண்டுமே ஆகாது.

பற்பம், செந்தூரம் (உலோகம், தாதுக்களைப் புடம்போட்டுச் செய்யும் பொடிகள்) இப்போது தொடவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் சேரும். அதோடு நாளைக்கே காமாலை வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. திரிகடுகமும் (சுக்கு, மிளகு, திப்பிலி) தன்னிஷ்டத்துக்குக் கூடாது. மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருள் ரிஃபாம்பிசினை அதிகமாக ரத்தத்தில் ஏற்றும் (அதைப் பயன்படுத்தியே நம்ம நாட்டில் ஒரு கூட்டு மாத்திரையும் வந்தது, அது தனிக் கதை).

தென்காசி_குமரன்:
நன்றி. "இருமல்தான் குறைஞ்சாச்சே, இனி சத்தா சாப்பிட்டாப் போதும்" என்கிறார் பெரியப்பா. என்ன சொல்வது?

நெஞ்சகப்பிரிவு:
அதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்காங்க. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில் ஒரே மருந்தை ஒரு குழு வீட்டிலிருந்தும், இன்னொரு குழு சானடோரியத்தில் (காசநோய் ஆஸ்பத்திரியில்) தங்கி ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் எடுத்தது. குணம் ஏறக்குறைய ஒன்றுதான். நோயைத் தீர்த்தது மருந்து. முட்டை, பயறு, பால் கட்டாயம் வேணும், ஆனா மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

மூன்று வாரத்தில் சாவது வேகமாகப் பெருகும் கிருமிகள். மெதுவாகப் பெருகுபவை உள்ளே ஒளிந்திருக்கும். அதற்குத்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் பைரசினமைடு இல்லாமல் மூன்று. பாதியில் விட்டால் மிஞ்சுவது மருந்துக்கு மசியாததாகிவிடலாம். அப்புறம் கடுமையான மருந்துகள்.

2ஆம் மாதக் கடைசியில் சளியை நுண்ணோக்கியில் பாருங்க. அதற்கு சிபிநாட் வேண்டாம், செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டிக் கலவரப்படுத்தும். எழுத்தோ சிவப்பு-பச்சையோ மங்கினால் எதாம்பியூட்டாலாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்க.

வீட்டில் ஐந்து வயசுக்குள் குழந்தை இருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்க. நோய் இல்லை என்று உறுதியானால் அதற்குத் தடுப்பு மருந்து தொடங்கணும். பெரியப்பா உங்களோடுதான் இருக்கிறாரென்றால் அவருக்கும் ஒரு எக்ஸ்ரே.