கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் குப்பையா?

பொருநை: "இணைப்பைப் பகிரும் முன் கேள்விக்குறி முதல் கடைசிவரை வெட்டுங்கள், எல்லாம் உளவுக் குப்பை" என்று மாடவீதி நேற்று இங்கே எழுதினார். அதை நம்பி என் அத்தை ஒரு யூடியூப் இணைப்பை வெட்டி அனுப்பினார். திறந்தால் முகப்புப் பக்கம்தான் வருகிறது. கேள்விக்குறியை அடுத்து 'வி=' என்று வரும் 11 எழுத்துகள்தானே வீடியோவின் அடையாளம்?

மாடவீதி: பகிர் பொத்தானை அழுத்தினால் வரும் சிறிய இணைப்பைப் பாருங்கள். அந்த 11 எழுத்துகளும் சாய்கோட்டை ஒட்டியே வந்துவிடும். கேள்விக்குறிக்குப் பின் 'எஸ்ஐ=' என்ற கண்காணிப்புக் குறிதான் மிஞ்சும். நான் எழுதியது சரி.

பொருநை: "எல்லாம்" என்று எழுதினீர்களா, இல்லையா? 'வி=' குப்பையா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

கரிசல்: ஃபயர்பாக்ஸ் உலாவியில் கண்காணிப்புக் குறிகளை நீக்கி இணைப்பை நகலெடுக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. எந்த விளம்பரம் வழியாக வந்தோம் என்று தளத்துக்குச் சொல்லும் யுடிஎம் குறிகளை அதுவே நீக்கிவிடும். கையால் வெட்டுவானேன்?

பொருநை: அது 'வி='யை வெட்டுகிறதா? வெட்டாது. மென்பொருளுக்குத் தெரிந்தது மாடவீதிக்குத் தெரியவில்லை.

தாழங்காடு: எனக்கு வேறு தொல்லை. தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை ஒட்டினால் சதவீதக் குறிகளாகக் கொட்டுகிறது. குறுக்கித் தரும் தளங்களைப் பயன்படுத்தலாமா?

மாடவீதி: வேண்டாம். கூகுளே தன் குறுக்கும் சேவையில் புதிய இணைப்புகள் தருவதை 2019இல் நிறுத்திவிட்டது.

கரிசல்: 'தமிழ்' என்ற சொல்லில், கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு குறிகள் 5. ஒவ்வொன்றும் 3 பைட். இணைப்பில் ஒரு பைட்டை எழுத, சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்து. ஆக 45 எழுத்து. மீண்டும் தமிழாக மாற்றி ஒட்டினாலும் பக்கம் திறக்கும்.

தாழங்காடு: சில செயலிகள் அதைப் பாதியில் அறுத்துவிடுகின்றனவே!

பொருநை: பேச்சை மாற்றாதீர்கள். மாடவீதி எழுத்துரு விவாதத்திலும் இப்படித்தான் நழுவினார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தைக் குறித்து 'டி=1470', அதாவது 1470ஆம் நொடி, என்று அனுப்புகிறேன். உங்கள் சிறிய இணைப்பிலும் அது கேள்விக்குறிக்குப் பின்னால்தான் வருகிறது. அதுவும் உளவா?

மாடவீதி: அது இல்லாமலும் வீடியோ ஓடும். எழுத்துரு விவாதத்தில் பதில் சொல்லாமல் போனது நீங்கள்தான். பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன.

பொருநை: ஓடும், முதலிலிருந்து! 24 நிமிடம் யார் காத்திருப்பது? 'வி=' பற்றி மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

மாடவீதி: என் பதில் மேலே இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள்.

பொருநை: மேலே 'எஸ்ஐ=' இருக்கிறது. 'வி=' எங்கே?